செட்டிநாட்டில் ஆற்றோரமும் காட்டோரமும் குடும்பத்தோடு நடக்க: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் குடியிருப்போருக்கும், விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்து தங்குவோருக்கும் உரியது. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு, சமதளத்தில் 2 முதல் 5 கிலோமீட்டர் வரை நடந்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவதே இதன் எல்லை. மலையேற்றத்தைப் பற்றிக் கடைசியில் சில வரிகள் மட்டும் உண்டு.

புதியவர்களின் தடுமாற்றம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது. யாரோ ஒருவர் காட்டிய படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள், பிறகு வரக்கூடியவர்களைச் சேர்க்கிறார்கள், கடைசியில்தான் எந்த மாதம், எத்தனை மணி என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழேயுள்ள படிகள் அந்த மாற்றிய வரிசையில் அமைந்தவை. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு கிடையாது. தேனாறு, விருசுழியாறு, சருகணியாறு, திருப்பத்தூர்ப் பக்கம் வரும் மணிமுத்தாறு (திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறு வேறு) ஆகிய அனைத்தும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் பெருகி, பிறகு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, கோடை தொடங்குவதற்குள் பெரும்பாலும் வெறும் மணலாகிவிடும். ஆற்றிலோ கண்மாயிலோ (பாசன ஏரி) தண்ணீர் கிடக்க வேண்டும், கரையும் கால் வழுக்காத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றாக அமையும் காலம் மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை, அதாவது ஜனவரியும் பிப்ரவரியும்.

பங்குனியில் நடக்கலாம், ஆனால் காலை 8 மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் புதியவர்கள் தொடங்கவே வேண்டாம். காலை 7 மணிக்கே செம்மண் தரை சுடத் தொடங்கிவிடும், கண்மாயும் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரை நொதநொதவென்று இருப்பதோடு இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ளும்.

நல்ல மாதத்துக்குள்ளும் விலக்க வேண்டிய நாட்கள் உண்டு. பொங்கலையொட்டிச் சிராவயலிலும், மாசி மகத்தன்று அரளிப்பாறையிலும் நடக்கும் மஞ்சுவிரட்டு வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஆனால் சிறிய ஊர்களில் அறிவிப்பு அதிகமின்றியே கண்மாய்ப் பொட்டலில் மாடுகளை அவிழ்த்துவிடுவது வழக்கம். அவிழ்த்துவிட்ட காளை வாடிவாசலோடு நிற்பதில்லை. வயலும் கரையும் தாண்டி ஓடும். தை, மாசியில் எந்தக் கண்மாயைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த வாரத்தில் அக்கம்பக்கத்து ஊர் எதிலாவது மஞ்சுவிரட்டு உண்டா என்று அவ்வூர்த் தேநீர்க் கடையில் கேட்டுவிட்டுத்தான் நாளைக் குறிக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழா நாளும் நடைக்கு ஏற்றதன்று; கூட்டம் இறங்கி ஏறியே கரை சேறாகிவிடும்.

2. குழுவின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

கைபேசி வரைபடம் நடைக்குக் காட்டும் நேரம், தார்ச்சாலையில் தனியாக நடக்கும் நல்ல உடல்நிலை உள்ளவருக்கானது. 6 வயதுக் குழந்தையும் 65 வயது அப்பத்தாவும் சேர்ந்த குழுவுக்குக் கண்மாய்க் கரையில் மணிக்கு 2 கிலோமீட்டர் என்றும், ஆற்று மணலில் அதற்கும் குறைவு என்றும் கணக்கிடுங்கள். மணலில் ஒவ்வோர் அடியும் பின்னோக்கிச் சறுக்குவதால் கெண்டைக்கால் சீக்கிரம் களைத்துவிடும்.

முதல் நடைக்குப் போய்வரும் தூரம் மொத்தம் 3 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு முந்திய வாரத்தில், வீட்டருகே ஊருணியையோ (ஊர்ப் பொதுக் குளம்) கோயில் வீதியையோ 40 நிமிடம் அனைவரும் நிற்காமல் சுற்றிப் பாருங்கள். முதலில் உட்கார்ந்தவர் யாரோ, அவருடைய வேகமே உங்கள் குழுவின் வேகம்.

தைப்பூசத்துக்குப் பழனி வரை பாதயாத்திரை போகிறவர்கள் இவ்வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்கள் முன்னால் விரைந்து போய்விடுவதும், பின்னால் வருகிறவர்கள் மூச்சுவாங்குவதும் அடிக்கடி காணும் காட்சி. சாலை நடையில் பழகிய கால் முள்ளும் மேடுபள்ளமும் உள்ள வரப்புக்குப் பழகியதாகாது என்பதையும் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

3. பாதையின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே கிடைக்கும் எளிய பாதைகள் நான்கு வகை. அவற்றைக் கீழ்க்கண்ட வரிசையில் பழகுவதே நல்லது.

கண்மாய்க் கரைதான் முதல் பாடம். கரை தரையைவிட உயர்ந்திருப்பதால் எதிரே வருவது தெரியும், வழி தவறாது, கூப்பிடு தூரத்தில் ஊர் இருக்கும். பெரும்பாலான கரைகளில் இருசக்கர வாகனத் தடம் பதிந்திருக்கும். அந்தத் தடமே பாதுகாப்பான நடைபாதை. கரை பிறை வடிவில் வளைந்து இரு முனைகளிலும் மேட்டு நிலத்தில் போய் ஒட்டிவிடும். கண்மாயை முழுவதுமாகச் சுற்றி வந்துவிடலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் மறுமுனையில் வழியின்றி நிற்பது இதனால்தான். போன வழியே திரும்புவதாகவே திட்டமிடுங்கள்.

இவ்வட்டாரத்து நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிந்திருப்பதால், கரை பெரும்பாலும் கண்மாயின் கிழக்குப் பக்கத்திலும் தென்பக்கத்திலும் அமைந்திருக்கும். விடியற்காலையில் கரைமேல் நடப்பவருக்குச் சூரியன் முதுகுப்புறம், நீரும் பறவையும் முன்புறம் என்றாகிறது. மாலையில் இதே கரையில் நின்றால் வெயில் நீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும். பறவை வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். குழந்தைகளுக்குப் பறவை காட்ட வேண்டும் என்றால் மாலை நடையைக் கைவிடுங்கள்.

இதற்குச் சிறந்த இடம் திருப்பத்தூர் வட்டத்திலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களைச் சேர்த்து 38.4 ஹெக்டேரில் 1977இல் அறிவிக்கப்பட்டது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் ஆகியவை கூடு கட்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்கள் இவை. அங்கே போய்க் கைபேசியில் பாட்டை அலறவிடுவது எவ்வளவு பொருந்தாத செயல் என்பதை வண்டியை விட்டு இறங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கோயில்காடு. ஐயனார் கோயிலையோ காளி கோயிலையோ சுற்றி வெட்டாமல் விட்ட சிறு காடுகள் இவ்வட்டாரம் முழுவதும் உண்டு. வீரை, உலக்கைப் பாலை, காரை, உசிலை என நாட்டு மரங்கள் நெருங்கி நிற்பதால், இந்தப் பகுதியில் உண்மையான நிழல் கிடைக்கும் இடம் இதுதான். தூரம் குறைவு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் இதிலேயே தொடங்கலாம்.

மூன்றாவது, ஆற்றோரம். பெயரைக் கேட்டுப் பலர் இதிலேயே தொடங்க விரும்புகிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. கரையோரம் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடப்பதால் பாதை திடீரென அறுந்துபோகும். சுற்றிப் போகலாம் என்று ஆற்றுக்குள் இறங்கினால் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். ஆடுமாடு நாள்தோறும் இறங்கி ஏறும் துறைகள் இரண்டைத் தெரிந்துகொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் நடப்பது நல்லது. மாட்டுத் தடம் நின்றுவிட்ட இடத்தில் உங்கள் நடையும் நிற்க வேண்டும்.

நான்காவது, தைலமரக் காடும் முந்திரிக்காடும். பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றும் இவற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தைலமரத்தின் முதிர்ந்த இலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் வெயிலைத் தடுப்பதில்லை. காட்டுக்குள் இருக்கிறோம் என்ற எண்ணத்தில் தொப்பியைக் கழற்றுகிறவர்கள் தலைவலியோடு திரும்புகிறார்கள். வரிசை வரிசையாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் வந்த வழி எது என்றும் குழம்பிவிடும். எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த சருகு ஒரு பீடித் துண்டில் பற்றிக்கொள்ளும். முந்திரி மரத்திலோ முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். தாழ்ந்த கிளையைப் பிடித்து ஆடும் பிள்ளைக்கு அதன் கடி எளிதில் மறக்காது.

4. அனுமதியும் ஊர் வழக்கமும்

காப்புக்காடு என்ற பலகை இருந்தால் வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே போவது குற்றம். பலகை இல்லாத இடம் எல்லாம் பொது நிலம் என்றும் பொருளில்லை. தைலமரத் தோப்புகள் வனத்துறைக்கோ, வனத் தோட்டக் கழகத்துக்கோ, தனியாருக்கோ சொந்தமாக இருக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில் மருது சகோதரர் காலத்துச் சங்கரபதிக் கோட்டை இருக்கும் காட்டுக்கும் இதே விதிதான். அங்கே அனுமதி பெற்றுச் சென்றாலும் சிதைந்த சுவர்களின் மேல் பிள்ளைகளை ஏறவிடக் கூடாது. காரை உதிர்ந்த சுவரில் எந்தக் கல் நிற்கும், எது உருளும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கோயில்காட்டுக்குச் சட்டத்தைவிட வழக்கமே வலிமையானது. சுள்ளி ஒடிக்கக் கூடாது, எல்லைக்கு அப்பால் செருப்போடு போகக் கூடாது, சில இடங்களில் குறிப்பிட்ட நாட்களில் பெண்கள் போவதில்லை, சில இடங்களில் மண் குதிரைகளைத் தொடுவதில்லை. ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால், பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள். குடிநீர் ஊருணியாக இருந்தால் கால் கழுவக்கூட இறங்கக் கூடாது. அதையே குடிக்கிற ஊருக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

5. குடும்பத்தை அழைத்துச் செல்லும் முன் ஒருவர் நடந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கிறவர்களே மிகுதி. புறப்படும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள், திட்டமிட்ட அதே நேரத்தில் ஒருவர் மட்டும் அப்பாதையில் போய்வர வேண்டும். போன மாதம் பார்த்தது செல்லாது. ஒரு நாள் மழையில் வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) பெருகியிருக்கும். யாராவது வேலிமுள்ளை வெட்டிப் பாதையில் போட்டிருப்பார்கள். பொக்லைன் வந்து கரையை உடைத்திருக்கும்.

கைபேசியின் செயற்கைக்கோள் படத்தை நம்பி இந்தப் படியை விட்டுவிட வேண்டாம். அந்தப் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால், தண்ணீர் நிற்கும் இடம் அதில் வெறும் பொட்டலாகத் தெரியும்.

வழியில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்கும்போது கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "அண்ணே, இந்தப் பக்கம் போகலாமா?" என்றால் "போகலாம்" என்றுதான் பதில் வரும், அவர் போவார், உண்மைதான். "நேத்து இந்தப் பக்கம் மாடு ஓட்டிட்டுப் போனீங்களா? கலுங்குல தண்ணி இன்னும் போகுதா? சின்னப் பிள்ளைக கூட வருது" என்று கேளுங்கள் (கலுங்கு என்பது கண்மாயின் மிகுநீர் வழிந்தோடும் கல் கட்டு). அப்போதுதான் எந்த இடத்தில் கரை அறுந்திருக்கிறது, எந்த வளைவில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள், அங்கே காவல் நாய் எப்படி என்பவையெல்லாம் தெரியவரும்.

நடந்து பார்க்கையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அனைவரும் உட்காரக்கூடிய நிழல், வண்டி வந்து சேரக்கூடிய கடைசி இடம், கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பகுதி. இருக்கும் இடத்தை 108க்குச் சொல்லும்போது "ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறோம்" என்றால் வண்டி வந்து சேராது. ஊரின் பெயரும், கண்மாயின் பெயரும், எத்தனையாவது மடை (தண்ணீர் திறக்கும் மதகு) என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

6. நேரமும் திசையும்

ஜனவரியில் காலை 6.30க்கு நடக்கத் தொடங்கினால் வெளிச்சம் போதுமானதாக இருக்கும். அதற்கு முன் இருட்டில் புல்லில் கால் வைப்பது தேவையில்லை; கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு.

போகும்போது கிழக்கு நோக்கியும் திரும்பும்போது மேற்கு நோக்கியும் அமையும்படி தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிர்வெயில் இளவெயிலாக இருக்கும்போது அதை நோக்கி நடந்துவிட்டால், வெயில் உறைக்கும் நேரத்தில் அது முதுகுக்குப் போய்விடும். மாறாக அமைத்தால், களைத்துத் திரும்பும் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்க நேரும்.

திரும்பும் நேரத்தைத் தூரத்தால் முடிவு செய்யாமல் கடிகாரத்தால் முடிவு செய்யுங்கள். 6.30க்குத் தொடங்கினால் 7.30க்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். "அந்த ஆலமரம் வரை போய்விடலாம்" என்ற பேச்சு எழும் இடம் பெரும்பாலும் இதுதான். சமதளத்தில் ஆலமரம் தோன்றும் தூரத்தைவிட எப்போதும் தள்ளியே இருக்கும்.

7. உடுப்பும் பையும்

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். சீமைக் கருவேல முள் அதன் அடியைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிடும். தடித்த அடியுள்ள மூடிய காலணி, காலுறை, கணுக்கால் வரை மூடும் முழுக்கால் உடை ஆகியவை போதும். விலையுயர்ந்த மலையேற்றக் காலணி இந்தச் சமதளத்துக்குத் தேவையில்லை. புதிதாக வாங்கிய காலணியை நடைக்கு முன் ஒரு வாரமாவது வீட்டில் அணிந்து பழகுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ள வேண்டாம். அது தேனீக்களைச் சீண்டும்.

தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குப் பெரியவருக்கு அரை லிட்டர், சிறுவருக்குக் கால் லிட்டர் என்ற கணக்கில், திரும்பும் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அனைத்தையும் ஒரே பையில் ஒருவரிடம் ஏற்றுவது பரவலான தவறு. அவர் முன்னால் போய்விட்டால் பின்னால் வரும் குழந்தைக்குத் தண்ணீர் இருக்காது. ஒவ்வொருவரும் தத்தம் தண்ணீரைத் தாமே சுமக்கட்டும்.

மற்றவை: உப்புச்சர்க்கரைக் கரைசல் (ORS) பொட்டலம் இரண்டு (பொட்டலத்தில் குறித்த அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது கெடுதல் செய்யும்), முள் எடுக்கும் இடுக்கி, பஞ்சு, கட்டுத்துணி, ஒரு பழைய வேட்டி, விசில், மின்னேற்றிய கைபேசி. வேட்டி விரிப்பாகும், நிழலாகும், அடிபட்டவரைத் தூக்கவும் உதவும்.

சாப்பாட்டில் தேங்காய்ச் சட்டினியைத் தவிர்த்து, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ புளியோதரையோ கொண்டு போங்கள், வெயிலில் கெடாது. வீட்டில் சீப்புச்சீடையோ கைமுறுக்கோ இருந்தால் அதுவே போதுமான நொறுக்கு. உப்பும் சேர்கிறது. நீர்மோர் நடக்கும் முன்பும் பின்பும் நல்லது. இலை, தாள், நெகிழிப்பை எதையும் அங்கே விட்டு வர வேண்டாம்.

8. நடக்கும் வரிசை

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவரைப் பின்னால் விட்டால், மற்றவர்கள் நின்று காத்திருந்து அவர் வந்து சேர்ந்தவுடன் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காமல் போகும். பாதை தெரிந்தவர் அவரோடு முன்னால், பொறுப்பான இன்னொரு பெரியவர் கடைசியில், பிள்ளைகள் இடையில். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டும். பறவைகளைக் குறிக்கும் ஏட்டையோ விசிலையோ அவர்கள் பொறுப்பில் கொடுத்தால் ஓரளவு அடங்குவார்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் 5 நிமிடம் நில்லுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அப்போது அனைவரும் இரண்டு மிடறு குடிக்க வேண்டும். குழந்தை பேச்சை நிறுத்திவிட்டாலோ, முதியவர் காரணமின்றி எரிந்து விழுந்தாலோ, யாருக்காவது தலை சுற்றினாலோ அது உடம்பு சூடேறுவதன் அறிகுறியாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, அன்றைய நடையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

9. தண்ணீருக்கு அருகில்

எல்லாப் படிகளிலும் இதுவே மிகக் கண்டிப்பானது. பழைய கண்மாய்களின் தரை மெல்லச் சரிவது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் பத்தடி நகர்ந்தாலும் இடுப்பளவுதான் இருக்கும் என்று முதியவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. இப்போது வண்டலும் சவுடும் எந்திரத்தால் அள்ளப்பட்ட கண்மாய்களில், செங்குத்தான சுவருள்ள பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே நிறம்தான். அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும் ஆழமாக இருக்கலாம். நீச்சல் தெரிந்தவருக்கும் சேற்றில் கால் புதைந்தால் நீச்சல் பயன்படாது.

ஆகவே கண்மாயிலோ ஆற்றிலோ யாரும் இறங்குவதில்லை என்ற முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கரைக்கு வந்தபின், பிள்ளைகள் கெஞ்சும்போது, "கால் மட்டும் நனைக்கட்டும்" என்று ஐயாவே (தாத்தாவே) பரிந்து பேசுவார். அந்த நேரத்தில் புதிய விதி எடுபடாது.

கலுங்கில் தண்ணீர் வழிந்தால் அதைக் கடக்கக் கூடாது. கணுக்கால் அளவுதான் என்றாலும், கல்லின் மேல் படர்ந்த பாசியும் நீரின் இழுப்பும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். கலுங்குக்கு முன்பே திரும்பும்படி நடையை அமைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. மடையின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மடைக்கு நேர் கீழே நீர் ஆழமாகவே இருக்கும். ஆற்று மணலில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு அடியில் அரிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் நின்றால் மணலோடு சரியும். ஊருணிப் படிக்கட்டின் செம்புராங்கல் ஈரமானால் வழுக்கும்.

கைவிடப்பட்ட தோப்புகளில் இன்னோர் ஆபத்து உண்டு. பழைய தென்னையோ மாமரமோ கூட்டமாக நின்றால் அங்கே கட்டாயம் கிணறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாமல் கோரையும் கொடியும் மூடிக் கிடக்கலாம். ஒளிந்து விளையாட அதுதான் சிறந்த இடம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும்.

10. பாம்பு, தேனீ, முள், இடி

பாம்பு பெரும்பாலும் நம் காலடி அதிர்வை உணர்ந்து விலகிவிடும். கை நுழைக்கும் இடமே கவலைக்குரியது: கரையின் அலைகல் (அலை அரிக்காமல் பதித்த கல்) இடுக்கு, கறையான் புற்று, விறகுக் குவியல். கடித்துவிட்டால் கொலுசு, மெட்டி, மோதிரம், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்டவர் நடக்கவே கூடாது. நடந்தால் நஞ்சு விரைந்து பரவும். வேட்டியில் தூக்கி வண்டி நிற்கும் இடம் வரை கொண்டுவாருங்கள். வேறு வழியில்லை என்றால் இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ளலாம். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் உங்கள் பாதைக்கு அருகில் இருப்பது எது என்பதை முந்திய நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெரிய மரத்திலோ பாறையிலோ தேன்கூடு கண்ணில் பட்டால் சத்தமின்றி வந்த வழியே திரும்பிவிடுங்கள். அருகில் புகை மூட்டுவதோ கல் எறிவதோ கூடாது. கூட்டம் கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீரில் குதிக்கக் கூடாது.

வேலியோரம் பழுப்பு நிறச் சுணையோடு தொங்கும் பூனைக்காலிக் காயைத் தொட்டால் பொறுக்க முடியாத அரிப்பு வரும். சொறிந்தால் சுணை பரவும். ஒட்டுநாடாவை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

இடிச்சத்தம் கேட்டவுடன் கரையிலிருந்து இறங்கிவிட வேண்டும். திறந்த பொட்டலில் உயர்ந்து நிற்கும் கரையும் தனிப் பனைமரமும் மின்னலுக்கு முதல் இலக்கு. மூடிய காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வாருங்கள்.

11. திரும்பிய பின், அடுத்த நடைக்கு முன்

வீட்டு வாசலிலேயே காலணியைக் கழற்றி உதறுங்கள். பிள்ளைகளின் கணுக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டை, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். முள் குத்தியவர்கள் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே நான்கு வரி எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, யார் முதலில் களைத்தார், தண்ணீர் எவ்வளவு மிஞ்சியது, கண்மாயில் நீர் எந்த மடை வரை நின்றது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் நாளைக் குறிக்க இந்தக் குறிப்பைவிடப் பயனுள்ளது வேறில்லை.

கண்மாய்க் கரையில் 3 கிலோமீட்டர், பிறகு கோயில்காடு, பிறகு ஆற்றோரத்தில் இரு துறைகளுக்கு இடையே ஒரு நடை, அதன்பின் 5 கிலோமீட்டர் என்று வரிசையாகப் போனவர்கள் அடுத்துப் பிரான்மலையை நினைப்பது இயல்பு. அடிவாரத்திலுள்ள கோயிலுக்கு யாரும் போகலாம். உச்சியிலுள்ள தர்கா வரை ஏறுவது இந்த வழிகாட்டியில் சொன்ன நடையைச் சேர்ந்ததன்று. 5 கிலோமீட்டரைத் தம் தண்ணீரைத் தாமே சுமந்து, இரண்டு முறைக்கு மேல் உட்காராமல் முடித்தவர்கள் மட்டும், மாசி முடிவதற்குள், பாறை சூடேறும் முன் இறங்கிவிடும் கணக்கில் அதற்குப் போகலாம். மற்றவர்கள் அடிவாரக் கோயிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கட்டும். அவர்களோடு ஒரு கைபேசியும், ஏறியவர்கள் திரும்ப வேண்டிய நேரமும் இருக்க வேண்டும்.